பூனையின் உபதேசம்

தமிழில் இலக்கிய சரித்திரம் எழுதுகிறவர்கள் பிரசங்கத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. காவியம், பிரபந்தம், கீர்த்தனை, நாவல், சிறுகதை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், நூற்றாண்டுக் கணக்கில், தமிழ்நாட்டின் சிறிய ஊர்களிலும் பெரிய ஊர்களிலும் நடந்து வருகிற ஓர் உரைநடைக் கலையைப் பற்றி அவர்களில் யாருக்கும் ஒரு பக்கம் எழுதத் தோன்றியதில்லை. கிறிஸ்தவர்களுக்கு அது பக்தி விஷயம். மற்றவர்களுக்கு அது மத விஷயம். இலக்கிய விஷயம் என்று யாருக்கும் படவில்லை.

ஆனால் நம் உரைநடை பிரசங்கத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. கொல்லத்தில் 1578-இல் அண்டிரிக் பாதிரியாரின் தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. இரண்டு வருஷம் கழித்து, 1580-இல், அதே பாதிரியார் கொச்சியில் அச்சிட்ட கொம்பெசியோனாயரு என்ற புஸ்தகம், பாவசங்கீர்த்தனம் செய்துகொள்வது எப்படி என்பதைப் பற்றியது. தமிழ் அச்செழுத்து பிறந்ததும் எடுத்துக்கொண்ட முதல் விஷயங்களில் ஒன்று, தப்புச் செய்தவன் அதை எப்படிச் சொல்லி அழுவது என்பதுதான். பிறகு தத்துவ போதகர், வீரமாமுனிவர், தரங்கம்பாடியில் சீகன்பால்க் என்று அந்த உரைநடை வளர்ந்தது. பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31-ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமாரை எதிர்க்கப் பாதிரிமாரின் ஆயுதத்தையே எடுத்தார். இன்றைய அரசியல் மேடை வரையில் அந்த வழி வந்திருக்கிறது.

நான் கிறிஸ்தவன் அல்ல. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில்தான் எனக்குப் பிரசங்கத்தில் அக்கறை. நாவலாசிரியன் கனவில்கூடக் கேட்கத் துணியாத ஒன்றைப் பிரசங்கி கேட்கிறான். என் புஸ்தகத்தைப் படித்துவிட்டு வாசகன் நன்றாயிருக்கிறது என்று சொன்னால் எனக்குப் போதும். பிரசங்கிக்கு அது போதாது. எதிரே உட்கார்ந்திருப்பவன் வீட்டுக்குப் போகும்போது வேறு மனிதனாகப் போக வேண்டும் என்கிறான். பேச்சைக் கொண்டு மனிதனை மாற்ற முடியுமா என்பது இலக்கியத்தின் ஆதாரக் கேள்வி. பிரசங்கத்தில் அந்தக் கேள்வி ஒளிவுமறைவில்லாமல் நிற்கிறது.

முதலில் வார்த்தையைப் பார்க்கலாம். கத்தோலிக்கர்கள் பழைய நாளிலிருந்து மனஸ்தாபம் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டிருந்தார்கள். தான் செய்த பாவத்துக்காக உள்ளம் வேகிற வேக்காடு அது. வழக்கில் அந்த வார்த்தை எப்படித் தேய்ந்துவிட்டது, பாருங்கள். இன்று இரண்டு பங்காளிகள் பேசிக்கொள்ளவில்லை என்றால் 'அவர்களுக்குள் ஏதோ மனஸ்தாபம்' என்கிறோம். பச்சாத்தாபம் என்ற வார்த்தையும் உண்டு. பின்னால் வருகிற சூடு என்று அதற்கு அர்த்தம். கை சுட்ட பிறகு உதறிக்கொள்வது போன்றது. புராட்டஸ்டாண்டு வேதப் புஸ்தகத்தின் வழியாக நிலைத்துவிட்ட மனந்திரும்புதல் இவை எல்லாவற்றையும்விட நல்ல தமிழ். அதில் அழுகை இல்லை. நடந்துகொண்டிருந்தவன் நின்று, திரும்பி, வந்த வழியே நடக்கிறான். காலுக்கு வேலை கொடுக்கிற வார்த்தை அது.

பாவம் என்ற வார்த்தையில்தான் சங்கடம். தமிழ்ப் பிரசங்கிக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. நம் வீடுகளில் 'ஐயோ பாவம்' என்றால் இரக்கம். ஒருவனுக்குப் பாவம் பார்ப்பது என்றால் அவனுக்காக மனம் இளகுவது. குற்றத்துக்கும் கருணைக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டிருக்கிறோம். 'நீங்கள் பாவிகள்' என்று மேடையிலிருந்து ஒருவர் முழங்கும்போது, கேட்கிறவன் காதில் விழுவது தீர்ப்பா, இரக்கமா? நல்ல பிரசங்கத்தில் இரண்டும் சேர்ந்து விழுகின்றன. மட்டமான பிரசங்கத்தில் தீர்ப்பு மட்டும் விழுகிறது.

எது நல்ல பிரசங்கம்? மேற்கோள் காட்டாமல், வேதப் புஸ்தகத்திலேயே உள்ள மூன்று பிரசங்கங்களை விமரிசகனாக எடுத்துக்கொண்டு பார்க்கிறேன்.

முதலாவது நாத்தானுடையது. தாவீது ராஜா இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனையும் யுத்தத்தில் சாகக் கொடுத்துவிட்டான். நாத்தான் அரண்மனைக்குப் போய் ராஜாவைக் கண்டிக்கவில்லை. ஒரு கதை சொல்கிறார். நிறைய ஆடு வைத்திருந்த பணக்காரன், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை அடித்து விருந்து வைத்தான் என்று. ராஜாவுக்குக் கோபம் பொங்கி, அவனைக் கொல்ல வேண்டும் என்கிறான். அந்த மனிதன் நீதான் என்று நாத்தான் சொல்லிவிடுகிறார். கதை சொல்கிறவர்களுக்கெல்லாம் அவர் குரு. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது கழுத்துப் போகலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது யோவானுடையது. நதிக்கரையில் நின்று மனந்திரும்பச் சொல்கிறார். ஜனங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் தத்துவம் பேசவில்லை. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்று கொடுக்கட்டும்; வரி வசூலிக்கிறவன் உள்ளதற்கு மேல் வாங்காமல் இருக்கட்டும்; சிப்பாய் யாரையும் மிரட்டாமல் சம்பளத்தோடு திருப்தியாயிருக்கட்டும் என்கிறார். ஒவ்வொருவனுக்கும் அவனவன் தொழிலில் பாவம் எங்கே இருக்கிறதோ அங்கே விரலை வைக்கிறார்.

மூன்றாவது யோனாவுடையது. உலகத்திலேயே சின்னப் பிரசங்கம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நாற்பது நாளில் நினிவே அழியும் என்ற ஒரு வாக்கியம். அதைக் கேட்டு ராஜாவிலிருந்து மாடு வரையில் சாக்கு உடுத்திக்கொள்கிறார்கள். ஊர் தப்பிவிடுகிறது. யோனாவுக்கு ஆத்திரம் வருகிறது. தான் சொன்னபடி ஊர் அழியவில்லையே என்று வெயிலில் உட்கார்ந்துகொண்டு சாக விரும்புகிறான். புஸ்தகம் அவனிடம் கேட்ட ஒரு கேள்வியோடு முடிந்துவிடுகிறது. அவன் பதில் நமக்குத் தெரியாது.

பிரசங்கியின் ஒழுக்கம்தான் பிரசங்கத்தின் பலம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்களுக்கு யோனா ஒரு தொந்தரவு. அவன் மனந்திரும்பின மனிதன் அல்ல. கேட்டவர்கள் மேல் அவனுக்குப் பிரியம் கிடையாது. இருந்தும் ஒரு ஊர் திரும்பிற்று. அப்படியானால் உண்மையான உபதேசம் எது, போலி எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

இதற்கு விடை மாமல்லபுரத்துப் பாறையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அர்ச்சுனன் தபசு என்று சிலரும், பகீரதன் தபசு என்று சிலரும் சொல்லுகிற அந்த நூறடிச் சிற்பத்தில், ஒற்றைக் காலில் நிற்கிற தபசியைப் பார்த்துவிட்டு யானைகளிடம் வருகிறவர்கள், அதன் அருகே நிற்கிற பூனையையும் பார்க்க வேண்டும். அதுவும் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு தபசு பண்ணுகிறது. காலடியில் எலிகள்.

பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. கங்கைக்கரையில் கை தூக்கி நின்ற பூனையை நம்பி எலிகள் அதனிடம் அடைக்கலம் வந்தன. தபசினால் உடம்பு தளர்ந்துவிட்டது, என்னைத் தினம் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றது பூனை. எலிகள் கொண்டுபோயின. பூனை கொழுத்தது, எலிகள் குறைந்தன. இந்தக் கதையை உலூகன் மூலமாகத் தருமபுத்திரனுக்குச் சொல்லி அனுப்பினவன் துரியோதனன் என்பதையும் கவனிக்க வேண்டும். கபட உபதேசத்தைக் கண்டிக்கிற கதையையே ஒரு கபடன் உபதேசமாகச் சொல்கிறான். வியாசர் லேசுப்பட்டவர் அல்ல. பல்லவ நாட்டுக்காரர்களுக்கும் இந்த ஜாதி மனிதர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது. காஞ்சித் தெருவில் காபாலிகனையும் பௌத்த பிக்ஷுவையும் பாசுபதனையும் சண்டை போட வைத்து மத்தவிலாசம் எழுதினவன் மகேந்திரவர்மன்.

யோனாவும் நல்லவன் அல்ல, பூனையும் நல்லது அல்ல. வித்தியாசம் எங்கே? கேட்கிறவன் மனந்திரும்பினால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். நினிவே திரும்பினதில் யோனாவுக்கு ஒரு காசு லாபம் இல்லை, பேர்தான் கெட்டது. எலிகள் பக்தியில் வளர வளரப் பூனைக்குத்தான் சாப்பாடு. தனக்கு லாபமில்லாத இடத்தில், தன்னுடையதல்லாத வார்த்தையை, கேட்கிறவனுக்கு வேண்டிய இடத்தில் சொல்வது விசுவாசமான உபதேசம். சொல்கிறவன் முகம் சுளித்துக்கொண்டு சொன்னாலும் அது வேலை செய்யும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு செங்கல்பட்டுச் சீமையில் நடந்ததைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் கிறிஸ்தவப் பிரசங்கத்தின் வெற்றியையும் தோல்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் பள்ளிக்கூடம் திறந்தார். காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் கிளைப் பள்ளிகள் ஏற்பட்டன. உயர்ந்த சாதிப் பையன்களுக்கு இங்கிலீஷில் பாடத்தோடு வேதமும் சொல்லிக்கொடுத்தார்கள். தினசரிப் பிரசங்கம் என்றே சொல்லலாம். 1841-இல் ராஜகோபால், வேங்கடராமய்யா என்ற இரண்டு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். உடனே பெற்றோர்கள் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பள்ளி வளர்ந்து கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆனால் கிறிஸ்தவர்களானவர்களை எண்ணிவிடலாம். 1862-இல் வந்த வில்லியம் மில்லர் காலத்தில், ஞானஸ்நானத்தை எண்ணுவது கல்லூரியின் நேர் நோக்கம் அல்ல என்ற கொள்கைக்கே வந்துவிட்டார்கள். உத்தியோகத்துக்கு வேண்டிய இங்கிலீஷுக்காக வேதபாடத்தைப் பொறுத்துக்கொண்டார்கள் பையன்கள். அந்த வியாபாரத்தில் இரண்டு தரப்புக்கும் லாபம் இருந்தது. மனந்திரும்புதலுக்கு அங்கே இடம் குறைவு.

கிராமங்களில் நடந்தது வேறு. செங்கல்பட்டு மிராசு முறை வேரோடியிருந்த சீமை. படியாளாக இருந்த சேரி ஜனங்களுக்கு உழுகிற நிலம் சொந்தமில்லை; குடிசை போட்டிருக்கிற மனைகூட மிராசுதாருடையது என்று சொல்லப்பட்டது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து கொடுக்கலாம் என்று சர்க்கார் விதி இருந்தது. ஆனால் முதல் உரிமை மிராசுதாருக்கு என்றும் அதே விதி சொல்லிற்று. இந்த ஜனங்களிடம் போய், உபதேசியார்கள் மனந்திரும்பச் சொன்னார்கள். கிராமத்துப் பிரசங்கங்களை அதிகமாகச் செய்தவர்கள் வெள்ளைக்காரப் பாதிரிமார் அல்ல. சொற்பச் சம்பளத்துக்கு வயல்வரப்பில் நடந்த இந்த உபதேசியார்கள். அவர்களுடைய பேச்சு அச்சில் வரவில்லை. தமிழ் உரைநடையின் நஷ்டங்களில் அது ஒன்று.

கேட்ட ஜனங்கள் யோவானிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இரண்டு அங்கி இல்லாதவனிடம் அங்கியைக் கொடு என்று சொல்ல முடியாது. வரி வசூலிக்காதவனிடம் நியாயமாக வசூலி என்று சொல்ல முடியாது. பிறந்த நாளிலிருந்து ஊர் முழுவதும் பாவி என்று ஏசிக்கொண்டிருக்கிற ஒருவனிடம் இன்னொரு முறை நீ பாவி என்று சொல்லுவதில் என்ன புதுமை இருக்கிறது? இங்கே பிரசங்கம் சொல்லுகிறவன் பக்கமே திரும்பிவிடுகிறது. சிலர் அந்தக் கேள்விக்குப் பயந்து, பொறுமையாயிருங்கள், எஜமானனுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கலாம். அந்த உபதேசத்தால் லாபம் மிராசுதாருக்கு. பாறையில் நிற்கிற பூனை சந்தோஷப்பட்டிருக்கும்.

செங்கல்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் தப்பித்துக்கொள்ளவில்லை. அவரும், திருவள்ளூர்ப் பக்கத்தில் வேலை செய்த வில்லியம் கௌடியும் சர்க்காரைப் பார்த்துப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார்கள். இந்த ஜனங்களுக்கு நிலம் கொடு, குடியிருக்கிற மனையையாவது உறுதி செய் என்றார்கள். அவர்களுக்கு மிராசுதார்களிடம் விரோதம் கிடைத்தது. சர்க்காரிடம் சலிப்புக் கிடைத்தது. ஆனால் ஒரு காது திறந்திருந்தது. ஜில்லா கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கலெக்டர் எழுத்தில் உணர்ச்சி வசனம் எதுவும் இல்லை. விதி இது, வழக்கம் இது, அதனால் இந்த மனிதன் இப்படி இருக்கிறான் என்று அடுக்கிக்கொண்டு போகிறார். யோவானைப் போல அவரும் பாவம் இருக்கிற இடத்தில் விரலை வைக்கிறார். 1892-இல் அரசாங்க உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லுகிறது அதன் வழியாக வந்தது. ஒதுக்கப்பட்ட நிலம் ராஜதானி முழுவதற்கும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படுகிற கணக்கு. ஆண்ட்ரூவின் முயற்சியில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் மெல்ரோசாபுரம் என்று ஸ்காட்லாந்து ஊரின் பேரைக் கொண்ட ஒரு குடியேற்றமும் உண்டாயிற்று.

இங்கே ஒரு ஆட்சேபணை எழும். நிலத்துக்காகவும் கஞ்சிக்காகவும் வந்தவர்கள் சோற்றுக் கிறிஸ்தவர்கள்தானே, அது மனந்திரும்புதலா என்று கேட்பார்கள். அந்தக் காலத்துப் பாதிரிமாரே இந்தச் சந்தேகத்தில் உருகிப்போனார்கள். என் அபிப்பிராயம், கேள்வி தவறான ஆளிடம் கேட்கப்படுகிறது. உத்தியோகத்துக்காக வேதபாடம் கேட்ட பையனை யாரும் அந்தப் பேர் வைத்துக் கூப்பிடவில்லை. பசித்தவன் சோறு கேட்டதில் திருந்த வேண்டியது ஒன்றுமில்லை. அந்தச் சீமையில் திரும்ப வேண்டியிருந்தது வேறு பேர். அவர்களில் கொஞ்சம் பேராவது திரும்பினார்களா என்பதுதான் அந்தப் பிரசங்கத்தின் மதிப்பு.

அழகான பேச்சினால் மட்டும் இது நடக்காது என்பதற்குத் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் உதாரணம். 1774-இல் பிறந்து 1864 வரையில் வாழ்ந்தவர். சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர். பெத்லகேம் குறவஞ்சி பாடினவர். பிரசங்கத்தைப் பாட்டாகவும் பாட்டைப் பிரசங்கமாகவும் ஆக்கின மேதை. அவர் கீர்த்தனைகளைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று புதிதாக வந்த மிஷனரிகள் வற்புறுத்தினபோது, அவர் எதிர்த்து நின்றார். எதிர்த்து எழுதவும் செய்தார். அவர் கபடர் அல்ல. அவர் காலத்து மனிதர் என்று சொல்லிவிடலாம். ஆனால் தமிழில் மனந்திரும்புதலை அத்தனை இனிமையாகப் பாடின வாய், தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது மூடிக்கொண்டது என்பதை விமரிசகன் சொல்லாமல் இருக்க முடியாது. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் விஷயம் இதற்கு நேர் எதிர். மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து பிரசங்கங்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் வைஷ்ணவராகவே இருந்தார். கிறிஸ்தவரான நண்பர்களின் பேச்சும் அவர்கள் கொடுத்த புஸ்தகங்களும்தான் அவரை 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெறக் கொண்டுபோயின. அவரை மாற்ற நினைத்த நண்பர்களுக்கு அதில் சம்பளம் இல்லை.

இந்தக் காலத்து விஷயத்துக்கு வருகிறேன். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையில் கடற்கரைக் குப்பங்களை 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி அடித்துக்கொண்டு போயிற்று. அது ஞாயிற்றுக்கிழமை. சில மாதங்கள் கழித்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பந்தல் போட்டு ஒருவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்ததை நின்று கேட்டேன். நல்ல குரல். ஜனங்களின் பாவத்தினால்தான் கடல் பொங்கிற்று, இனியாவது மனந்திரும்புங்கள் என்றார். எனக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்: ''கடலு பாவம் பாத்தா வந்துச்சு? கரையில யாரு இருக்காங்கன்னு பாத்துல்ல வந்துச்சு.''

அவள் சொன்ன பாவம் குற்றமா, இரக்கமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான். சீலோவாம் கோபுரம் இடிந்து செத்துப்போன பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசு சொன்னதாக லூக்கா எழுதியிருக்கிறார். மேடையில் இருந்தவர் கையில் அந்தப் புஸ்தகம் இருந்தது. கிழவியிடம் புஸ்தகம் இல்லை. ஆனால் அந்த மாலையில் வேதத்துக்கு விரோதமில்லாமல் பேசினவள் அவள்தான். பயந்துபோன ஜனங்கள் திரும்பினால் லாபம் யாருக்கு என்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன். பந்தலில் உண்டியல் வைத்திருந்தார்கள்.

செங்கல்பட்டுப் பிரசங்கம் இன்னும் முடியவில்லை. பஞ்சமி நிலத்தை வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தும், அதில் மிகுதியும் கை மாறிவிட்டது. மாமல்லபுரம் வட்டாரத்தில் காரணை என்ற ஊரில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டு, அதில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. ஜனங்கள் செங்கல்பட்டில் திரண்டார்கள். 1994 அக்டோபர் 10-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். பேர்களைப் பார்த்தால் போதும். ஒரே சேரியின் இரண்டு கோயில்களும் தெரிகின்றன. ஆண்ட்ரூ எந்த நிலத்துக்காகச் சர்க்காரைப் பார்த்துப் பேசினாரோ, நூறு வருஷம் கழித்து அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் இவர்கள். திரும்புதல் என்ற வார்த்தை நிலத்துக்கும் பொருந்தும் என்பதை அவர்கள் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

செங்கல்பட்டு 2019 முதல் தனி மாவட்டமாகிவிட்டது. நெடுஞ்சாலை ஓரமெங்கும் சுவிசேஷக் கூட்ட விளம்பரங்களைப் பார்க்கிறேன். வியாதி தீரும், கடன் தீரும், வேலை கிடைக்கும் என்று போட்டிருக்கிறார்கள். மனந்திரும்புங்கள் என்ற வார்த்தை கண்ணில் படுவது அபூர்வமாகிவிட்டது. வியாதிக்காரனுக்கு நம்பிக்கை வேண்டும். அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூட்டங்களில் நிலம் வாங்கி விற்கிறவர்களும், அதிகாரிகளும், வட்டிக்குக் கொடுக்கிறவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், மேடையில் இருப்பவர் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்லுவாரா? சொன்னால், அடுத்த கூட்டத்துக்கு நன்கொடை வராது. அந்த நஷ்டத்துக்குத் துணிந்து ஒருவர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லட்டும். அவர் நல்லவரா, கெட்டவரா, குரல் இனிமையா, கரகரப்பா என்று நான் பார்க்க மாட்டேன். தமிழ்ப் பிரசங்க இலக்கியத்தில் அவருக்கு ஓர் இடம் உண்டு என்று எழுதுவேன்.